செட்டிநாட்டு வீட்டில் பிள்ளையின் வாட்ஸ்அப்: பெற்றோர் உட்கார்ந்து செய்ய வேண்டியவை

"வெளிநாட்டு நம்பர் வந்தா எடுக்காதே." பிள்ளைகளுக்கு எல்லா ஊரிலும் சொல்லித் தரப்படும் முதல் பாடம் இது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், புதுவயல் பக்கத்தில் இது பாதிதான் எடுபடும். சிங்கப்பூரில் அப்பச்சி (இந்தப் பக்கத்தில் அப்பாவை அழைப்பது இப்படி), கோலாலம்பூரில் சித்தப்பா, துபாயில் மாமா என்று இருக்கிற வீட்டில் +65, +60, +971 என்று தொடங்கும் எண்கள்தான் தினமும் அடிக்கும் எண்கள். பிறந்ததிலிருந்து அந்த எண்ணில்தான் பிள்ளை அப்பச்சி முகத்தைப் பார்த்திருக்கிறது. வெளிநாட்டு எண் என்றால் உறவு என்று அது நினைப்பதில் தவறில்லை. 2023-இல் +84, +62, +254 என்று தொடங்கும் எண்களிலிருந்து நாடு முழுவதும் வாட்ஸ்அப் மோசடி அழைப்புகள் வந்தபோது பல ஊர்களில் அந்நிய எண் என்று பார்த்தவுடனே தெரிந்தது. இங்கே அப்படிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

அதனால் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு "எடுக்காதே" என்பதைவிட, யார் நம்மவர் என்று போனுக்கே தெரிய வைப்பதுதான் வழி. அது எப்படி என்று கீழே வருகிறது. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதற்குப் போனே தேவையில்லை.

பிடுங்க மாட்டேன் என்ற வாக்கு

பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் மறைப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மிரட்டுபவன் மீதுள்ள பயம் அல்ல, போன் போய்விடும் என்ற பயம். "யாரோ அசிங்கமா மெசேஜ் பண்ணினாங்க" என்று சொன்ன பிள்ளையிடம் போனைப் பிடுங்கினால், அடுத்த முறை அது சொல்லாது. மிரட்டுபவனும் இதையேதான் சொல்லி அடக்குகிறான்: "உங்க அம்மாகிட்ட சொன்னா உனக்குத்தான் அடி விழும்." அவன் சொன்னது பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

போனைக் கையில் கொடுக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும். நீளமான அறிவுரை வேண்டாம். "தம்பி, இதுல யாராவது தப்பாப் பேசினா, போட்டோ கேட்டா, பயமுறுத்தினா எந்த நேரமா இருந்தாலும் எங்கிட்டச் சொல்லு. நீ முன்னாடி என்ன பண்ணியிருந்தாலும் சரி. போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்." இவ்வளவு போதும். அப்பச்சி வெளிநாட்டில் இருந்தால் வீடியோ காலில் அவரும் இதே சொற்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் மன்னித்து இன்னொருவர் திட்டுவார் என்று பிள்ளைக்குத் தோன்றினால் வாக்கு செல்லாது. அம்மாவிடம் சொல்லத் தயங்கும் பிள்ளை அயித்தையிடமோ பெரிய அக்காவிடமோ சொல்லக்கூடும். அந்த ஒருவர் யார் என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

கூடவே வீட்டுக்கென்று ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். ஊர், கோயில், பிறந்த நாள் எல்லாம் கூடாது, அவை எல்லோருக்கும் தெரிந்தவை. வீட்டில் எப்போதோ நடந்த ஒரு வேடிக்கையிலிருந்து எடுத்த சொல்லாக இருந்தால் மறக்காது. "அப்பச்சி பேசுறேன், புது நம்பர், இந்த நம்பருக்குப் பணம் அனுப்பச் சொல்லு" என்று செய்தி வந்தால் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும், பிறகு பழைய எண்ணுக்கு அழைத்துப் பார்க்க வேண்டும். குரலையே நகலெடுத்துப் பேச இப்போது கருவி வந்துவிட்டதால் "குரல் அப்பச்சி குரல்தான்" என்பது போதுமான அடையாளம் அல்ல.

பிள்ளைக்கு முன் பெரியவர்களின் குரூப்

இதைச் சொன்னால் சிலருக்கு மனத்தாங்கல் வரும். ஆனாலும் பிள்ளையின் படமும் பெயரும் பள்ளியும் முதலில் வெளியே போவது பெரும்பாலும் பிள்ளை வழியாக அல்ல. பங்காளி குரூப், கோயில் குரூப், ஊர் குரூப், வெளிநாட்டுக் கிளை குரூப் என்று ஒரு வீட்டுக்கு ஏழெட்டு இருக்கும். பிறந்த நாள் வாழ்த்து என்று பெயர், வகுப்பு, சீருடையோடு எடுத்த படம், அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் ஒரே பதிவில் போகிறது. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் 1024 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரையும் பங்காளி என்று நம்பினாலும், அத்தனை பேரின் போனும் யார் யார் கையில் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஒருவர் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிப் படம் செய்ய இன்று ஒரே ஒரு தெளிவான முகப் படம் போதும்.

குரூப் அட்மின் உங்கள் வீட்டுக்காரராக இருந்தால் இன்றே செய்யக் கூடியவை மூன்று. குரூப் பெயரைத் தொட்டு 'குரூப் பெர்மிஷன்ஸ்' பகுதியில் 'ஆட் அதர் மெம்பர்ஸ்' என்பதை நிறுத்துங்கள், இனி அட்மின் மட்டுமே ஆள் சேர்க்க முடியும். 'அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்' என்பதைப் போடுங்கள். குரூப் லிங்க் எப்போதாவது ஃபேஸ்புக்கிலோ விழா அழைப்பிதழிலோ வந்திருந்தால் 'ரீசெட் லிங்க்' அழுத்துங்கள், பழைய லிங்க் செத்துவிடும்.

பிள்ளையின் எண்ணை எந்தக் குடும்பக் குரூப்பிலும் சேர்க்க வேண்டாம். குரூப்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் அந்த எண் தெரியும், அங்கிருந்து தனியாகச் செய்தி அனுப்ப ஒரு தொடுதல் போதும். பள்ளி வகுப்பு குரூப்பிலும் பெற்றோர் எண்ணே இருக்கட்டும். வீட்டுப் பாடம் வந்தால் பிள்ளைக்கு அனுப்பினால் போயிற்று. ஆசிரியரோ டியூஷன் மாஸ்டரோ பயிற்சியாளரோ பிள்ளையோடு தனி சாட்டில் பேசத் தொடங்கினால், அதுவும் இரவில், பாடத்தைத் தாண்டி என்றால், அது எவ்வளவு மரியாதைப்பட்டவராக இருந்தாலும் உடனே கேள்வி கேட்க வேண்டிய இடம். "என் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை என் நம்பருக்கு அனுப்புங்க சார்" என்று ஒரு முறை சொன்னால் நல்ல ஆசிரியர் யாரும் வருத்தப்பட மாட்டார்.

இன்னொரு ஓட்டை அப்பத்தா போன். பிள்ளைகள் யூடியூப் பார்ப்பது, கேம் விளையாடுவது எல்லாம் பூட்டில்லாத அந்தப் போனில்தான். வங்கி ஓடிபி வருவதும் அதே போனில். அதற்கும் திரைப் பூட்டுப் போட்டு, வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, 'ஆப் லாக்' போய்க் கைரேகையை வைத்துக் கொடுங்கள்.

அரை மணி நேர வேலை

வாட்ஸ்அப்பில் தனிக் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 13. அதற்குக் கீழுள்ள பிள்ளைக்குத் தனி எண், தனிக் கணக்கு வேண்டாம். அம்மா போனில், வளவில் (வீட்டு முற்றத்துப் பக்கம்) எல்லோரும் இருக்கும்போது பேசட்டும். 13 ஆன பிறகு கொடுப்பதாக இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைச் செய்யுங்கள். பிள்ளை தன் விரலால் செய்யட்டும், நீங்கள் சொல்லுங்கள். நீங்களே செய்து வைத்தால் மறுநாளே அது மாற்றிவிடும், ஏன் வைத்தோம் என்பதும் அதற்குப் புரிந்திருக்காது.

முதல் வேலை காண்டாக்ட் பட்டியலைக் கழுவுவது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் எல்லாவற்றிலும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று வைக்கப் போகிறோம். காண்டாக்டில் 'எஃப்எஃப் ப்ரோ', 'ராக்கி இன்ஸ்டா', 'செல்லம் 2' என்று யார் யாரோ சேமிக்கப்பட்டிருந்தால் அந்தப் பூட்டு அவர்களுக்குத் திறந்தே இருக்கும். ஒவ்வொரு பெயராகப் போங்கள். "இவங்களை நேரில் பாத்திருக்கியா? வீட்டுல யாருக்குத் தெரியும்?" என்ற இரண்டு கேள்வி போதும். இரண்டுக்கும் இல்லை என்றால் நீக்கலாம். மாறாக, வெளிநாட்டு உறவுகள் எல்லோரையும் நாட்டுக் குறியீட்டோடு முழு எண்ணாக, உறவுப் பெயரோடு சேமியுங்கள்: 'சித்தப்பா மலேசியா', 'பெரியத்தா சிங்கப்பூர்' என்று. முன்னே சொன்ன 'யார் நம்மவர் என்று போனுக்குத் தெரிய வைப்பது' இதுதான். 20, 25 எண்கள் இருக்கும், பத்து நிமிடம் ஆகும்.

பிறகு செட்டிங்ஸ், பிரைவசி.

1. 'லாஸ்ட் சீன் அண்டு ஆன்லைன்', 'புரொஃபைல் போட்டோ', 'அபவுட்', 'ஸ்டேட்டஸ்' நான்கையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். டிபியில் பிள்ளையின் முகம் வேண்டாம். ஆத்தங்குடி டைல்ஸ் படமோ, அது வரைந்த கோலமோ போதும். 'அபவுட்' வரியில் பள்ளிப் பெயர், வகுப்பு, ஊர் இருந்தால் அழியுங்கள்.

2. 'குரூப்ஸ்' என்பதையும் 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். அதன்பின் தெரியாதவர் யாரும் பிள்ளையை நேரடியாக ஒரு குரூப்பில் தள்ள முடியாது, தனியாக அழைப்புதான் அனுப்ப முடியும். அது மூன்று நாளில் காலாவதியாகும்.

3. 'கால்ஸ்' என்பதில் 'சைலன்ஸ் அன்நோன் காலர்ஸ்' போடுங்கள். காண்டாக்டில் இல்லாத எண் அழைத்தால் மணி அடிக்காது, பட்டியலில் மட்டும் தெரியும். உறவுகளை எல்லாம் சேமித்த பிறகே இதைப் போட வேண்டும். முன்னால் போட்டால் மலேசியா சித்தப்பா "யாரும் எடுக்கலை" என்று கோபப்படுவார், அன்றே யாராவது இதை நிறுத்திவிடுவார்கள். பல வீடுகளில் இந்தப் பூட்டு நிலைக்காமல் போவது இப்படித்தான்.

4. 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'பிளாக் அன்நோன் அக்கவுண்ட் மெசேஜஸ்' இருக்கும். போடுங்கள். ஆனால் பெயரைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். தெரியாத கணக்கிலிருந்து செய்திகள் ஓர் அளவுக்கு மேல் குவிந்தால்தான் அது தடுக்கும், முதல் ஒன்றிரண்டு வந்து சேரும்.

5. 'லைவ் லொகேஷன்' என்பதைத் திறந்து யாருக்காவது போய்க்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பழனிப் பாதயாத்திரைக்குப் பிள்ளை கூட்டத்தோடு நடந்து போகும்போது இது நல்ல வசதிதான். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவு உண்டு. 8 மணி நேரம் அம்மாவுக்கு மட்டும், தனி சாட்டில். குரூப்பில் வேண்டாம்.

பிரைவசியை விட்டு வெளியே வந்து செட்டிங்ஸ், அக்கவுண்ட், 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போய் ஆறு இலக்க பின் எண் (PIN) வையுங்கள். அம்மாவின் மின்னஞ்சலைக் கொடுங்கள். "தப்பா உன் நம்பருக்கு ஒரு கோடு வந்திருச்சு, அனுப்பிவிடேன்" என்று கூடப் படிக்கும் பிள்ளையின் கணக்கிலிருந்தே செய்தி வரும். அந்தக் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். எஸ்எம்எஸ்ஸில் வந்த அந்த ஆறு இலக்கக் கோடைக் கொடுத்தால் நம் பிள்ளையின் கணக்கும் போகும். பின் எண் வைத்திருந்தால் கோடு கிடைத்தும் திருடனால் உள்ளே நுழைய முடியாது. கணக்கு போய்விட்டால் உடனே அதே எண்ணில் மறுபடி வாட்ஸ்அப்பைப் பதிவுசெய்யுங்கள், திருடன் வெளியேறிவிடுவான். அவன் புதிதாகப் பின் எண் வைத்திருந்தால் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க நேரும். ஆனால் அவனும் அதைப் பயன்படுத்த முடியாது.

கடைசியாக 'லிங்க்டு டிவைசஸ்'. ஒரு கணக்கை நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். பிள்ளையின் போனை யாராவது பத்து விநாடி வாங்கி, தங்கள் கணினியில் உள்ள கியூஆர் கோடைக் காட்டினால் போதும், பிறகு எல்லாச் செய்தியும் அங்கேயும் போகும். போன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பட்டியலில் தெரியாத கணினிப் பெயர் இருந்தால் தொட்டு 'லாக் அவுட்' செய்யுங்கள். மாதம் ஒரு முறை, ஒன்றாந்தேதி என்று வைத்துக்கொண்டு பார்த்தால் மறக்காது.

ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் கூகுள் 'ஃபேமிலி லிங்க்' போட்டு, புதிய ஆப் எதை இறக்கினாலும் உங்கள் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம். இரவு நேரப் பூட்டும் அதில் உண்டு. சாட்டில் என்ன பேசுகிறார்கள் என்பதை அது காட்டாது, காட்டவும் வேண்டியதில்லை. மறைந்திருந்து எல்லாவற்றையும் படிக்கும் உளவு ஆப் விற்பவர்கள் உண்டு. அவற்றைப் போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. பெரும்பாலும் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து, போனின் பாதுகாப்பை நிறுத்திவிட்டு ஏற்றச் சொல்வார்கள். பிள்ளையின் படமும் பேச்சும் முகம் தெரியாத ஒருவனின் சர்வருக்குப் போகும். பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் முதலில் கொடுத்த வாக்கும் போயிற்று.

ஆனால் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. வாட்ஸ்அப்பில் 'சாட் லாக்' செய்து, அதற்கு ரகசியக் குறியீடும் வைத்தால் அந்த உரையாடல் பட்டியலிலேயே தெரியாது. தேடல் கட்டத்தில் அந்தக் குறியீட்டைத் தட்டினால்தான் வரும். பல போன்களில் ஒரே ஆப்பை இரண்டாக வைக்கும் வசதியும் உண்டு. "நான் பார்த்தேன், ஒன்றுமில்லை" என்ற நிம்மதி அதனால் பாதிதான் நம்பத்தக்கது.

இரவு ஒன்பதரைக்கு மேல் எல்லாப் போனும், பெரியவர்களுடையதும் சேர்த்து, முகப்பில் ஒரே இடத்தில் சார்ஜில் கிடக்கட்டும். செட்டிநாட்டு வீடு பெரியது. இரண்டாங்கட்டு அறையில் பிள்ளை யாரோடு பேசுகிறது என்பது முன்கட்டில் இருப்பவர்களுக்குக் கேட்காது. சிக்கலான பேச்சுகள் பெரும்பாலும் நடப்பது அந்த நேரத்தில்தான்.

மற்ற ஆப்கள்

இன்ஸ்டாகிராமில் 18 வயதுக்கு உட்பட்டோருக்கு 'டீன் அக்கவுண்ட்' என்ற முறை 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும், தாங்கள் பின்தொடர்பவர்களிடமிருந்தும் ஏற்கெனவே தொடர்பில் இருப்பவர்களிடமிருந்தும் மட்டுமே செய்தி வரும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்பு ஒலிக்காது. 16 வயதுக்குக் கீழே இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பெற்றோர் கணக்கை இணைத்தால் கடந்த ஏழு நாளில் யார் யாரோடு பேசினார்கள் என்ற பட்டியல் தெரியும், பேச்சு தெரியாது. இதெல்லாம் பிறந்த ஆண்டைச் சரியாகக் கொடுத்திருந்தால்தான். 2000-இல் பிறந்ததாகப் போட்டுக் கணக்குத் தொடங்கிய பிள்ளைகள் நிறைய. அவர்களை இன்ஸ்டாகிராம் பெரியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. 'அக்கவுண்ட்ஸ் சென்டர்', 'பெர்சனல் டீடெய்ல்ஸ்' போய்ப் பிறந்த தேதியை முதலில் பாருங்கள்.

ஸ்னாப்சாட்டில் 'ஸ்னாப் மேப்' வரைபடத்தில் 'கோஸ்ட் மோட்' போடுவது கட்டாயம், இல்லையென்றால் நண்பர் பட்டியலில் உள்ளவர்களுக்குப் பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்பது தெரியும். 'ஃபேமிலி சென்டர்' வழியாக நீங்களும் இணையலாம்.

டெலிகிராம் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டாம் என்றே சொல்வோம். இரண்டு லட்சம் பேர் வரை இருக்கும் குரூப்புகள் அதில் உண்டு, படம் பார்க்கவும் வினாத்தாள் தேடவும் பிள்ளைகள் நுழைகிறார்கள். யூசர்நேம் தெரிந்த எவரும் தேடி வந்து பேசலாம். நீட், போட்டித் தேர்வுப் பாடத்துக்காகக் கட்டாயம் வேண்டும் என்றால் 'பிரைவசி அண்டு செக்யூரிட்டி' போய் 'போன் நம்பர்' என்பதை 'நோபடி' ஆக்கி, அதன் கீழே வரும் 'நம்பரை வைத்து யார் தேடலாம்' என்பதை 'மை காண்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். 'குரூப்ஸ் அண்டு சேனல்ஸ்' என்பதையும் அப்படியே. யூசர்நேம் வைக்க வேண்டாம்.

கேம் சாட்டைப் பெற்றோர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஃப்ரீ ஃபயர் மேக்ஸ், பிஜிஎம்ஐ இரண்டிலும் குரலாகவும் எழுத்தாகவும் முன்பின் தெரியாதவர்களோடு பேச முடியும். அடுத்த பகுதியில் சொல்லும் வலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

வலை விரியும் வரிசை

பிள்ளைக்கு இதைக் கதையாக அல்ல, வரிசையாகச் சொல்லிக் கொடுங்கள். ஒரு படி வந்தவுடன் அடுத்த படி என்னவென்று அது தானே ஊகிக்க வேண்டும்.

முதலில் கூட விளையாடுகிறவர், அல்லது ரீல்ஸைப் பாராட்டியவர். அடுத்து டயமண்ட், யூசி என்ற கேம் காசு, ரீசார்ஜ் என்று சின்னப் பரிசு. பிறகு "இங்க பேச வேண்டாம், வாட்ஸ்அப்புக்கு வா", "டெலிகிராமுக்கு வா" என்று இடம் மாற்றம். எச்சரிக்கையாக வேண்டிய முதல் அடையாளம் இதுதான். கேமிலோ இன்ஸ்டாகிராமிலோ இருக்கும் தடுப்புகளிலிருந்து பிள்ளையைத் தனியே இழுக்கிறான். பிறகு "வீட்டுல யாருக்கும் சொல்லாதே, அவங்களுக்கு உன்னைப் புரியாது" என்ற ரகசியம். பிறகு ஒரு சாதாரணப் படம், அப்புறம் இன்னொரு மாதிரிப் படம். கடைசியில் மிரட்டல்.

பையன்களுக்கு வேறு வடிவில் வரும். பெண் பெயரில் நட்பு, திடீரென்று வீடியோ கால், எதிரில் ஆடையில்லாத ஒரு பெண், அதுவும் முன்பே பதிந்த வீடியோ. பையனின் முகத்தைச் சேர்த்துப் பதிவுசெய்து, "உன் காண்டாக்ட் எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று பணம் கேட்பார்கள். பையன்தானே, என்ன ஆகிவிடும் என்று விடும் வீடுகளில் இது பெரும் துயரமாகிறது. வெட்கத்தால் சொல்ல முடியாமல் தவிப்பதில் பையனும் பெண்ணும் ஒன்றுதான்.

நம் பக்கத்துக்கென்று ஒரு தூண்டில் உண்டு. செட்டிநாட்டு வீடுகளில் படப்பிடிப்பு நடப்பது வழக்கம் என்பதால், "உங்க ஊர்ல ஷூட்டிங், உன் முகம் நல்லா இருக்கு, ஃபுல் போட்டோ அனுப்பு, மெஷர்மெண்ட் அனுப்பு" என்று வந்தால் பிள்ளைக்குச் சந்தேகமே வராது. நடிக்கப் பிள்ளை வேண்டும் என்பவர் பெற்றோரிடம் பேசுவார். பிள்ளையிடம் நேராகப் படம் கேட்பவர் படம் எடுக்க வந்தவர் அல்ல என்று சொல்லி வையுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: நீங்கள் பக்கத்தில் வந்ததும் திரையை அணைப்பது, பொருளோ ரீசார்ஜோ எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மழுப்புவது, செய்தி ஒலி கேட்டதும் முகம் மாறுவது, சாப்பாட்டைக் குறைப்பது, பள்ளிக்கு வயிற்றுவலி என்பது. இதில் ஒன்று இருந்தால் விசாரணை வேண்டாம். "ரெண்டு மூணு நாளா ஒரு மாதிரி இருக்கியே, என்னய்யா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள்.

நடந்துவிட்டால், அந்த முதல் ஒரு மணி

பிள்ளை சொன்னவுடன் முதலில், "சொன்னியே, நல்லது பண்ணினே. இது உன் தப்பில்ல." பிறகுதான் மற்றவை.

அடுத்து, எதையும் அழிக்காதீர்கள். அசிங்கமான பேச்சைப் பார்த்ததும் கோபத்தில் சாட்டை அழிப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை, ஆதாரம் அதோடு போய்விடுகிறது. எதிரியின் எண் முழுதாகத் தெரியும்படி காண்டாக்ட் பக்கத்தையும், தேதி, நேரத்தோடு உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இன்ஸ்டாகிராம் என்றால் யூசர்நேம், புரொஃபைல் லிங்க். ஒரு முறை மட்டும் பார்க்கும் 'வியூ ஒன்ஸ்' படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. மறையும் செய்திகளை இன்னொரு போனால் திரையோடு படம் பிடியுங்கள்.

இதில் ஒரு முக்கியமான விலக்கு. பிள்ளையின் அந்தரங்கப் படம் அதில் இருந்தால் அதை நகலெடுக்கவோ, ஆதாரம் என்று அப்பச்சிக்கு அனுப்பவோ, வக்கீலுக்கு அனுப்பவோ கூடாது. போனை அப்படியே வைத்திருந்து போலீசிடம் காட்டுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தை அனுப்புவது மட்டுமல்ல, சேகரித்து வைப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். இப்படிப்பட்ட படத்தை வைத்திருந்து பார்ப்பது குற்றமாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னதை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23-இல் ரத்து செய்தது. பிள்ளையின் நண்பர்கள் "பாரு" என்று அனுப்பினாலும் மேலே தள்ளக் கூடாது என்பதைப் பிள்ளைக்கும் சொல்லுங்கள்.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஐநூறு கொடுத்தவனிடம் அடுத்து ஐயாயிரம் கேட்பார்கள். கொடுக்கிற ஆள் என்று தெரிந்ததே அவர்களுக்கு லாபம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் முடக்கப்பட வாய்ப்பு.

ஆதாரம் எடுத்த பிறகு ரிப்போர்ட், பிளாக். வாட்ஸ்அப் உரையாடல்களை நிறுவனமே படிக்க முடியாது என்பதால், ரிப்போர்ட் செய்யும்போது அந்த ஆள் அனுப்பிய கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகின்றன. அப்போது 'பிளாக் செய்து சாட்டை அழி' என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் செய்தது எதிரிக்குத் தெரியாது.

படம் வெளியே போய்விடுமோ என்ற பயம் இருந்தால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. அமெரிக்காவில் காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுத்த படத்துக்குப் பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் எண் அடையாளம் மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடித் தடுக்கும். வாட்ஸ்அப் தனிச் செய்திக்குள் இருப்பதை அது எட்டாது.

புகாருக்கு: குழந்தைகள் உதவி எண் 1098, எந்த நேரமும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் பெண்கள், குழந்தைகள் பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். சிவகங்கை மாவட்டச் சைபர் கிரைம் போலீஸ், அல்லது ஊரிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையம். பள்ளி சம்பந்தப்பட்டதாக இருந்தால் தமிழகப் பள்ளிக்கல்வித் துறையின் 14417.

"பேர் கெட்டுப்போகும், பங்காளிகளுக்குள்ள பேசி முடிச்சுக்குவோம்" என்ற பேச்சு வரும், எதிரி உறவுக்காரனாக இருந்தால் கட்டாயம் வரும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டம், 2012 இதற்கு இடம் கொடுக்கவில்லை. குற்றம் நடந்தது தெரிந்தவர் யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு, மறைத்தால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை தண்டனை. பாலியல் நோக்கத்தோடு போனில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும், உண்மையானதோ ஒட்டியதோ படத்தை வைத்து மிரட்டுவதும் 11-ஆம் பிரிவில் வருகின்றன, தொட்டால்தான் குற்றம் என்று இல்லை. பெயர் குறித்த பயத்துக்கும் சட்டம் பதில் வைத்திருக்கிறது. பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக் கூடாது. வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து வாங்க வேண்டும். இரவில் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைக்கவே கூடாது. ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் 24-ஆம் பிரிவைச் சொல்லி வீட்டுக்கு வரக் கேளுங்கள்.

பிறகு வரும் வாரங்களில் பிள்ளை தூங்காமல், பேசாமல் இருந்தால் 'டெலி மானஸ்' 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, போலீஸ் வாங்கி வைத்திருந்தால் வேறு போனில், பின் எண்ணை மாற்றுங்கள், 'லிங்க்டு டிவைசஸ்' பாருங்கள், காண்டாக்ட் பட்டியலை மறுபடி பெயர் பெயராகப் படியுங்கள். முதல் முறை போலவே பிள்ளையின் விரலால்.